வழிவீட்டுப் பின்கதவு

திருத்தணியில் வழிவீடு எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். ஆனால் அங்கே குடியிருக்கிற பிரேமாவிடம் போய், "இன்னாம்மா, இந்தப் பழைய வீட்ட இன்னும் இடிக்கலையா?" என்று மட்டும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. போன வருஷம் கோதுமை அரைக்க வந்த ஒருத்தர் தெரியாமல் கேட்டுவிட்டார். "உங்க நைனாவுக்கு எண்பது வயசாச்சே, அவர நீங்க இன்னும் இடிக்கலையா?" என்று பிரேமா திருப்பிக் கேட்டாள். அந்த மனுஷர் மாவு வாங்காமலேயே போனார். அப்புறம் மருமகளை அனுப்பித்தான் வாங்கிக்கொண்டார்.

வீட்டை ஒட்டின கொட்டகையில் மாவு மெஷின் ஓட்டுகிறவள் அவள். இருபது வருஷமாக மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிவிட்டது. மெஷின் நின்றாலும் குரல் இறங்காது. கட்டிக்கொண்டவன் பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகுட்டி இல்லை. இருப்பது மெஷினும் இந்த வீடும்தான். வீட்டிலும் பாதிதான் அவளுடையது. மிச்சப் பாதி தம்பி ஜெகநாதனுடையது.

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. செதுக்கின தூண் கிடையாது, போட்டோ எடுக்க எவனும் வருவதில்லை. ஆனால் தெருவில் நின்று முன்வாசலைப் பார்த்தால் கூடம், முற்றம், பின்கட்டு எல்லாம் தாண்டி, பின்வாசல் வழியாகச் சரவணப் பொய்கைக்குப் போகிற சந்து தெரியும். முன்கதவும் பின்கதவும் ஒரே நூலில் நிற்கும். இரண்டும் ஒன்பதரை அடி உயரம். இத்தனை சின்ன வீட்டுக்கு எதற்கு இத்தனை பெரிய கதவு என்று கேட்காதவர் இல்லை.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. பிரேமாவின் கொள்ளுத்தாத்தா பங்காரு இந்த இடத்தை வாங்கினபோது, இதன் நடுவேதான் ஒரு ஒற்றையடிப் பாதை போயிற்று. கிழக்கே இருக்கிற ஊர்க்காரர்கள் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு பொய்கைக்குப் போகிற பாதை. "நம்ம எடம், நம்ம வீடு, எவன் கேக்கறது" என்று பங்காரு பாதையின் மேலேயே வீட்டைக் கட்டினார். கட்டின வருஷம் கிருத்திகை வந்தது. ஒரு கூலிக்காரன் தோளில் காவடியோடு வந்து, புது வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றான். தெருவைச் சுற்றிப் போ என்றார்கள். "வேண்டிக்கினு வந்த வழிய மாத்தறதில்லீங்க" என்றான். திட்டினார்கள், ஆள் விட்டு மிரட்டினார்கள். அவன் கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் காவடியை இறக்காமல் அப்படியே நின்றான். அவன் ஜனத்தை அந்தத் தெருவுக்குள்ளேயே விடாத காலம் அது. சாயங்காலம் பங்காருவே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். மனசு தாங்கவில்லையோ, முருகன் மேல் பயமோ, அவருக்குத்தான் வெளிச்சம். தன் கையாலேயே முன்சுவரை உடைத்தார், பின்சுவரையும் உடைத்தார். அந்த ஆள் வீட்டுக்கு நடுவே நடந்து போனான்.

அடுத்த மாசமே உடைத்த இடத்தில் நிலை வைத்தார்கள். காவடியின் மயில்தோகை சாயக்கூடாது, தூக்குகிறவன் குனியக்கூடாது என்று ஒன்பதரை அடியில் வைத்தார்கள். அன்றையிலிருந்து ஆடிக் கிருத்திகை என்றால் பொழுது விடிந்ததும் முன்கதவு திறக்கும். முதல் காவடி முற்றத்தில் கால் வைத்ததும் பின்கதவு திறக்கும். விளக்கு வைக்கிற வரைக்கும் காவடி தூக்கினவர் யாராக இருந்தாலும் வீட்டுக்குள் புகுந்து போகலாம். யார், எவர் என்று கேட்கிற பேச்சே கிடையாது. முதல் காவடி எப்போதும் அந்தக் கூலிக்காரனின் வம்சத்துடையது. இது எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெகநாதன் ஒரு கடுதாசியோடு வந்தான்.

ஜெகநாதன் கெட்டவன் இல்லை. கனகம்மாசத்திரத்துப் பக்கம் நிலம் வைத்துக்கொண்டு, நெல்லும் வேர்க்கடலையும் போட்டு நல்லபடியாகத்தான் இருக்கிறான். என்ன, கடைசியாகப் பேசினவன் பேச்சு அவனுக்கு வேதம். இப்போது கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தவர் மணவாளன். பைபாஸ் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். பொய்கைக்கு இத்தனை கிட்டத்தில், இத்தனை பெரிய இடம் கிடைக்காது என்று ஒரு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது ஏசி ரூம், கீழே கார் நிறுத்த இடம். "வழிவீடு ரெசிடென்சின்னே பேர் வச்சிடறேன் தங்கச்சி, உங்க பேரும் நிக்கும்" என்று பிரேமாவிடமே வந்து சொன்னார். "ஆங், ஆள சாவடிச்சிட்டு அவன் சட்டைய மாட்டிக்கிற மாதிரி" என்றாள் பிரேமா. அதற்குப் பிறகு அவர் ஜெகநாதனிடம் மட்டும் பேசினார்.

"அக்கா, இன்ஜினீயர் எழுதிக் குடுத்துட்டாரு" என்று ஜெகநாதன் கடுதாசியை நீட்டினான். "பின்கட்டுச் செவுரு விரிசல் வுட்டுட்டுது. எப்ப வேணா வுழுமாம். உன் மாவு மெஷின் அதிர்ச்சி வேற."

"எந்த இன்ஜினீயர்?"

"மணவாளன் அண்ணனுக்குத் தெரிஞ்சவரு."

"அதானே பார்த்தேன்" என்று அவனைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். சுவரில் விரிசல் இருந்தது வாஸ்தவம்தான், மேலிருந்து கீழே கோடு போட்ட மாதிரி. பிரேமா அதன் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்து வைத்திருந்தாள். "கிட்ட வந்து பாருடா. விரிசல் எதுல கீது? உன் பொண்ணு மோனிஷா கல்யாணத்துக்குப் பளபளன்னு இருக்கணும்னு சிமிட்டிய அப்பினியே, அதுல. உள்ள சுண்ணாம்புச் செவுரு, குண்டூசி எறங்கற சந்து இல்ல. மூச்சு வுடற செவுத்து மேல சிமிட்டியப் பூசினா, அது தண்ணிய உள்ளயே வச்சிக்கினு வெடிக்கும். வெடிச்சது நீ போட்ட சட்டை. ஒடம்பு நல்லாத்தான் கீது."

விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தாள், பக்கத்தில் பென்சிலில் தேதி. தை மாசத் தேதி. சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி பட்டென்று உடையும். ஆறு மாசமாக மெஷின் தினமும் ஓடியிருக்கிறது. மூன்றும் முழுசாக இருந்தன.

ஜெகநாதன் கண்ணாடியைப் பார்த்தான், கடுதாசியைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கடுதாசியைத்தான் நம்பினான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. விக்கறதுக்குக் கையெழுத்து நீ அப்பால போடு, போடாத போ. இந்த வருஷம் கதவத் தொறக்காத. காவடி மேல செவுரு வுழுந்தா ஜெயிலுக்கு நான்தான் போவணும்."

"தொறப்பேன்."

"தொறக்காத அக்கா."

"நைனா சாவற வருஷம்கூட, மூச்சு இழுத்துகினு இருக்கறப்ப, கட்டில ஓரமாப் போட்டுட்டுக் கதவத் தொறந்தோம்டா. நீ சொல்லியா மூடுவேன்?"

அவன் போன பிறகு மெஷினைப் போடாமல் பின்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. மணவாளன் கணக்கு அவளுக்குப் புரியாமல் இல்லை. ஒரு வருஷம் மூடினால் ஜனம் தெருவைச் சுற்றிப் போகப் பழகிவிடும். அடுத்த வருஷம் எவனும் இந்த வாசலுக்கு வர மாட்டான். வழி இல்லாத வழிவீடு வெறும் பழைய வீடு. வெறும் பழைய வீட்டுக்காக ஒற்றைப் பொம்பளை எத்தனை நாள் மல்லுக்கட்டுவாள்? இடித்துவிடுவார்கள். இந்த ஒரு நாள் திறந்தால் வீடு நிற்கும், திறக்காவிட்டால் போய்விடும். அவளுக்கு அது உள்ளங்கை மாதிரித் தெரிந்தது.

கிருத்திகை விடிந்தது. தெரு முழுக்க மஞ்சள் துணி, பம்பைச் சத்தம், பூ வாசனை. பிரேமா தலைக்குக் குளித்து, முன்கதவைத் திறந்து மாவிலை கட்டினாள். பின்கதவுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை. முதல் காவடி வராமல் அதைத் தொடுகிற வழக்கம் இல்லை.

எட்டு மணிக்கு முதல் காவடி வந்தது. அந்தக் கூலிக்காரனின் வம்சத்துத் துரைக்கண்ணு தூக்கி வந்தான். கொத்து வேலைக்கும் ஏர் வேலைக்கும் போகிற ஆள். பக்கத்திலேயே அவன் பெண்டாட்டி மணியம்மை, கையில் வேப்பிலையும் சொம்பும். இவள் ஜெகநாதன் நிலத்துக்கே நடவுக்கும் களைக்கும் போகிறவள். பின்னால் நாற்பது ஐம்பது காவடி. அவர்களுக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் தலை.

"தணிகைவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

துரைக்கண்ணு முற்றத்தில் கால் வைத்தான். பிரேமா பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரக்கென்று நீக்கி, இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு வரவில்லை. மறுபடி இழுத்தாள். வெளியே சங்கிலி குலுங்கியது. இரட்டைக் கதவின் நடுச்சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். இடது கதவையும் வலது கதவையும் பிணைக்கிற வெளிச் சங்கிலியில் ஒரு புதுப் பூட்டு பளபளவென்று தொங்கியது. பூட்டுக்குப் பக்கத்தில் ஜெகநாதன் நின்றுகொண்டிருந்தான்.

"அடப் பாவி! இன்னாடா பண்ணி வச்சிருக்கே?"

"சொன்னா நீ கேக்க மாட்டே. அதான்" என்றான் வெளியிலிருந்து. குரல் பிசிறியது. "அவங்கள அப்படியே திருப்பி அனுப்பு. தெருவச் சுத்திப் போவட்டும்."

"காவடி திரும்புமாடா? உனக்குத் தெரியாதா?"

"ஒரு வருஷம் திரும்பினா ஒண்ணும் ஆவாது."

துரைக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "திரும்பறதில்லீங்க" என்றான், யாரையும் பார்க்காமல். தூக்கிக்கொண்டு நிற்பதற்குத் தோதாகக் காலை அகட்டி வைத்துக்கொண்டான். அவன் சாயங்காலம் வரைக்கும் நிற்பான் என்பது பிரேமாவுக்குச் சத்தியமாகத் தெரிந்தது. பின்னால் பம்பை ஒவ்வொன்றாக நின்றது. நெரிசலில் ஒரு குழந்தை வீறிட்டது.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ற கதையால்ல கீது" என்றாள் மணியம்மை, வெளியே கேட்கிற மாதிரி.

கூட்டத்தில் வந்த ஒருத்தன் எங்கிருந்தோ கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "நவுருங்கம்மா, ஒரே இடி, கதவு ரெண்டாப் பொளந்துடும்."

"கதவு மேல கை வச்சே, உன் கைய ஒடிப்பேன்!" பிரேமா போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்னால் போனான். நூறு வருஷத்துத் தேக்கு. இதைப் பிளந்துதான் வீட்டைக் காப்பாற்ற வேண்டுமா? கதவையே பார்த்தாள். பார்வை மேலே போயிற்று. நிலையின் மேல்கட்டையில், இடது கதவின் தலைப்பக்கம் செருகியிருந்த சின்ன மர ஆப்பைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தக் கதவுக்குக் கீல் கிடையாது. பழைய கதவு. மேலே ஒரு மரக் குடுமி, கீழே ஒரு மரக் குடுமி, இரண்டும் நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். உள்பக்கம் மேலே உள்ள ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டுக் கதவை நாலு விரல் உயரம் தூக்கினால் கீழ்க்குடுமி குழியைவிட்டு வெளியே வந்துவிடும். வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் அப்படித்தான் கழற்றி, குடுமிக்கு விளக்கெண்ணெய் போட்டு மாட்டுவது. பத்து வருஷமாகப் பிரேமாதான் ஆள் வைத்துச் செய்கிறாள். சென்னை ஹாஸ்டலில் படித்துவிட்டு நேராக நிலத்துக்குப் போன ஜெகநாதனுக்கு இது எங்கே தெரியப் போகிறது? சொந்த வீட்டுக் கதவு எப்படித் திறக்கும் என்று தெரியாதவன், கடையில் வாங்கின பூட்டை நம்பிக்கொண்டு வெயிலில் நிற்கிறான்.

"அந்தக் கடப்பாரைய இப்டி குடு" என்றாள். "மணியம்மை, கொட்டகையில பழைய மெஷின் கல்லு கெடக்குது, உருட்டிக்கினு வா." கடப்பாரை கொண்டு வந்தவன் பக்கம் திரும்பினாள். "நீ ஏணிய எடு. ஆப்பத் தட்டி எடு, மெதுவா, நோவாம."

"அக்கா, உள்ள இன்னா பண்றே?" என்றான் ஜெகநாதன்.

"உன் பூட்டத் தொட மாட்டேன்டா, பயப்படாத!"

ஆப்பு வந்தது. கல்லின் மேல் கடப்பாரையை வைத்து, அதன் மூக்கை இடது கதவுக்கு அடியில் கொடுத்து, பிரேமாவும் மணியம்மையும் மறுமுனையில் தொங்கினார்கள். கதவு முனகியது. ஒரு விரல் எழும்பியது, இரண்டு விரல். நிலைக்கு மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

"ஐயோ, செவுரு வுழப் போவுது! வுடு அக்கா!"

"வுழுந்தா என் மேல வுழட்டும்! நான்தானே கீழ நிக்கறேன்!"

நாலாவது விரலில் குடுமி குழியைவிட்டு எழும்பியது. இரண்டு ஆட்கள் கதவின் அடியை உள்பக்கமாக இழுத்தார்கள். மேல்குடுமியும் கழன்றது. சந்து வெளிச்சம் ஒரே பாய்ச்சலாகப் பின்கட்டுக்குள் வந்து விழுந்தது. சங்கிலியும் பூட்டும் போட்டது போட்டபடியே இருக்க, வலது கதவு தன்பாட்டுக்குச் சுழன்று திறந்துகொண்டது. அதோடு கட்டுண்ட இடது கதவு, பிடித்தவர்கள் கையை மீறித் துரைக்கண்ணு பக்கம் சாய்ந்தது. அவன் நகரவில்லை, நகரவும் முடியாது. இரண்டு கையும் காவடியில்.

வாசலுக்கு வெளியே இருந்து ஓடி வந்து அதைத் தாங்கினவன் ஜெகநாதன்.

யோசித்துச் செய்யவில்லை. கண்ணெதிரே கதவு சாய்ந்தது, கை தானாகப் போயிற்று. தோளைக் கொடுத்து, முதுகைக் கொடுத்து, வலது கதவோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். முகம் சிவந்து, வேட்டி நழுவி, பரிதாபமாக நின்றான். விட்டால் காவடி மேல் விழும்.

"புடிச்சிக்கடா! வுட்டே, கொன்னுடுவேன்!" என்றாள் பிரேமா. பிறகு திரும்பிக் கத்தினாள். "துரைக்கண்ணு, போப்பா! தணிகைவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

பம்பை மறுபடி பிடித்துக்கொண்டது. துரைக்கண்ணு குனியாமல், தோகை சாயாமல் நடந்து போனான். அவனுக்குப் பின்னால் பூக்காவடி, பால்காவடி, ஒன்றன் பின் ஒன்றாகப் போயிற்று. கதவு தாங்கி நின்ற ஜெகநாதனைப் பார்த்து ஜனம் உருகிப்போயிற்று. "வழிவீட்டு மொதலாளி, தானே கதவு தாங்கி சேவை பண்றாரு பாரு" என்று ஆளுக்கொரு பிடி விபூதி அள்ளி அவன் நெற்றியில் பூசினார்கள். இல்லை என்று சொல்லவும் அவனால் முடியவில்லை. ஒரு கிழவி அவன் காலையே தொட்டுக் கும்பிட்டாள். பாதி வழியில் மணியம்மை திரும்பி வந்து, ஒரு சொம்பு நீர்மோரை அவன் வாயருகே பிடித்தாள். அவள் நாலு வருஷமாக அவன் நிலத்தில் வேலை செய்கிறாள். அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் அவன் வாங்கிக் குடித்ததில்லை. இப்போது இரண்டு கையும் கதவில். அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் கூட்டம் விட்டது. நாலு பேர் சேர்ந்து இடது கதவை வலது கதவோரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஜெகநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். தோள் கன்றிப் போயிருந்தது. பிறகு அவனே எழுந்து பின்கட்டுச் சுவருக்குப் போய் விரிசலைப் பார்த்தான். மூன்று கண்ணாடியையும் விரலால் தடவினான். மூன்றும் முழுசாக இருந்தன.

"கதவ மாட்டிடலாம் அக்கா" என்றான் வந்து.

"மொதல்ல உன் பூட்டத் தொற."

அவன் சட்டைப் பைக்குப் போன கை பாதியில் நின்றது. "சாவி மணவாளன் அண்ணன்கிட்ட கீது. பூட்டே அவர்தான் வாங்கிக் குடுத்தாரு."

பூட்டினதுகூடப் பரவாயில்லை. நம் வீட்டுச் சாவியை அந்நியன் கையில் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறானே. பிரேமாவுக்கு அழுகை வந்தது. கத்துகிறவளுக்குச் சத்தமே வரவில்லை. அக்கா கத்தாமல் நின்றதைப் பார்த்ததும் ஜெகநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து மணவாளனே சந்து வழியாக வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையச் சந்தனம், விரலில் சாவி வளையம். பூட்டின கதவைப் பார்க்க வந்தவர் வாசலில் கதவே இல்லாததைப் பார்த்து அப்படியே நின்றார். உள்ளே வந்து, சாய்ந்திருந்த கதவையும் அதில் தொங்குகிற பூட்டையும் பார்த்தார்.

"வாங்கண்ணா" என்றாள் பிரேமா. குரல் திரும்பி வந்துவிட்டது. "சாவி எடுத்தாந்தீங்களா? எதத் தொறக்கப் போறீங்க?"

அவர் அவளை விட்டுவிட்டு ஜெகநாதனைப் பார்த்தார். "இன்னா ஜெகா இது? நாம பேசினது இன்னா?"

ஜெகநாதன் எழுந்து கையை நீட்டினான். "அந்த சாவியக் குடுங்கண்ணா." வாங்கிப் பூட்டைத் திறந்தான். சங்கிலியிலிருந்து கழற்றி, சாவியோடு சேர்த்து அவர் கையிலேயே வைத்தான். "உங்க லாட்ஜுக்கு ஆவும். இந்தக் கதவுக்கு இது ஒத்து வராது. வீடு குடுக்கறதா இல்ல."

மணவாளன் வாயைத் திறப்பதற்குள் முன்வாசலில் பம்பை அதிர்ந்தது. அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் காவடிகள், முப்பது நாற்பது இருக்கும், கூடத்துக்குள் நுழைந்துவிட்டன. மணவாளன் சரியாக நடுவே, ஒரே நூலில் நின்றுகொண்டிருந்தார்.

"வழி வுடுங்கண்ணா" என்றான் ஜெகநாதன்.

மணவாளன் சுவரோரமாக ஒதுங்கினார். முதல் மயில்தோகை நிலைக்கு இரண்டு விரல் கீழே, எதையும் தொடாமல் வெளியே போயிற்று.